மெரபா ஆற்றின் இடது கிளை

பினாங்கு, சூலியா தெரு
5 செப்டம்பர் 1931

அன்பு மச்சான் பஷீர் அவர்களுக்கு,

காஜா மொய்தீன் ஸலாம் சொல்லி எழுதுவது. இங்கே சபூரா அக்காவும் நானும் சுகம். அங்கே நீங்களும், உங்களோடு சமையலுக்கு வந்த ஜெயராஜும் சுகமாக இருக்க துஆ செய்கிறோம்.

பட்டர்வொர்த்தில் நீங்கள் ரயில் ஏறியதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. பயத்தால் இல்லை மச்சான், சந்தோஷத்தால்! நான் வரைந்த ஆறு தகரக் குழாய்க்குள் ஏறிக்கொண்டு நிஜ ஆற்றைப் பார்க்கப் போகிறதே! நான் மூன்றாம் வகுப்போடு பள்ளியை விட்டவன், கிடங்கில் பிரம்புக் கட்டு அடுக்குகிறவன். கவர்மெண்டு படத்தில் மெரபா ஆறு பாதியில் நின்றுவிடுகிறது, அதற்கு மேல் வெறும் வெள்ளைத்தாள். அந்த வெள்ளையை நிரப்பியது நான்தான்! அக்கா மட்டும் சிரிக்கிறாள். "கிணத்தடியில வழுக்கினாலே அலறுறவன், ஆத்துக்கு வழி சொல்றானாம்" என்கிறாள்.

கோபிக்காமல் இன்னொரு தரம் கேளுங்கள். கிரிக் ஊரைத் தாண்டி, மெரபா பெரிய ஆற்றில் கலக்கும் குவாலாவில் ஒரு சீனர் கடை. அங்கிருந்து ரந்தாவ் கணக்கு. ஒரு வளைவுக்கும் அடுத்த வளைவுக்கும் நடுவே நேராக ஓடும் தண்ணீர் ஒரு ரந்தாவ். ஆறாவது ரந்தாவில் பாறையும் நுரையும். படகைக் கயிறு கட்டி இழுக்க வேண்டும். ஒன்பதாவதில் இடப்பக்கம் யானைகள் உப்பு நக்க வரும் சேற்றுக்கரை. பதினான்காவதில் ஆறு இரண்டாகப் பிரிகிறது. இடது கிளை அகலம், முழங்கால் ஆழம், நேரே நீங்கள் தேடிப் போகும் அகில் மரம் நிற்கும் மேட்டுக்குப் போகும். வலது கிளை பாறை இடுக்குக்குள்ளிருந்து வருகிறது. மலையில் மழை பெய்தால், கீழே வெயில் அடிக்கும்போதே தண்ணீர் சுவர் மாதிரி வந்து விழுமாம். இரண்டு பக்கமும் ஏற இடம் கிடையாதாம். இந்த வழி முழுக்க, மேலிருந்து பிரம்பு மிதவை ஓட்டி வரும் செமான் அண்ணன் சொன்னது. "காட்டுப் பன்னிகூட அதுக்குள்ள போகாது லா" என்றார்.

இடது கிளை மச்சான், இடது.

உங்கள் மைத்துனன்,
காஜா


பினாங்கு
24 செப்டம்பர் 1931

மச்சான் அவர்களுக்கு ஸலாம்.

பதினேழாம் தேதி நீங்கள் எழுதியனுப்பிய சீட்டு இன்று காலை வந்தது. அக்காவுக்கு வாசித்துக் காட்டினேன். மழைக்காலத்தில் மேலே வரமாட்டோம் என்று குவாலா படகோட்டிகள் ஒன்பதாவது ரந்தாவிலேயே திரும்பிவிட்டார்கள் என்றும், "போங்கடா, எங்க காஜாவோட படம் இருக்கு" என்று நீங்கள் சொல்லி அனுப்பினீர்கள் என்றும் எழுதியிருந்தீர்கள். அக்காவுக்கு அதில் ஒரே பெருமை. "யானைச் சேறு வலப்பக்கம் இருக்கிறது, உன் பேனா வழுக்கிவிட்டது, பரவாயில்லை" என்ற கடைசி வரியை மட்டும் நான் வாசிக்கவில்லை.

என் பேனா வழுக்காது மச்சான்.

செமான் அண்ணன் இன்று பிரம்போடு கிடங்குக்கு வந்திருந்தார். என்னிடமிருந்த நகலைக் காட்டினேன். சிரித்துக்கொண்டே வாங்கினார். பிறகு தாளைப் புரட்டி, பின்பக்கத்தை வெயிலில் பிடித்துப் பார்த்தார். சிரிப்பு நின்றுவிட்டது. "தம்பி, நான் எப்பப் பேசினாலும் மிதவையில உக்காந்தவன் மாதிரிதான் பேசுவேன். தண்ணி போற பக்கம் என் முகம். நீ எந்தப் பக்கம் முகத்தை வச்சு எழுதினே?" என்று கேட்டார்.

நான் உங்களை நினைத்து எழுதினேன். தண்ணீரை எதிர்த்து மேலே போகிறவரை நினைத்து. அவர் சொன்ன ஒவ்வொரு இடதும் உங்களுக்கு வலது. "இதை யாருகிட்டயாச்சும் குடுத்தியா?" என்றார். நகலை அவர் கையிலேயே விட்டுவிட்டுத் தந்தி ஆபீசுக்கு ஓடினேன்.

கிரிக்குக்குத் தந்தி அடித்துவிட்டேன். ஒன்பதாவது ரந்தாவிலிருந்து பதினான்காவதுக்கு இரண்டு நாள். நீங்கள் சீட்டு எழுதி ஏழு நாள் ஆகிறது. அக்காவிடம் எதுவும் சொல்லவில்லை. உங்கள் சட்டைகளைத் துவைத்து மடித்து வைத்துக்கொண்டிருக்கிறாள்.

காஜா


குவாலா மெரபா, சீனர் கடை
1 அக்டோபர் 1931

மச்சான்,

நானே வந்துவிட்டேன். கிடங்கில் சொல்லிக்கொள்ளவில்லை. அக்காவிடம், மச்சானைக் கூட்டிவரப் போகிறேன் என்று சொன்னேன். "ஆத்தை நேர்ல பார்க்கத்தானே ஓடுறே" என்று கேலி செய்து, உங்களுக்குப் பிடித்த மிளகாய்ச் சம்பாலை டப்பாவில் அடைத்துக் கொடுத்தாள்.

பார்த்துவிட்டேன் ஆற்றை. இங்கே நான்கு நாளாகத் துளி மழை இல்லை. ஆனால் நேற்று மத்தியானம் தண்ணீர் மண் நிறமாக மாறி, கடையின் மூன்று படிகளை மூழ்கடித்துவிட்டது. வேரோடு மரங்கள் போகின்றன. ஒரு படகோட்டியும் துடுப்பைத் தொட மாட்டேன் என்கிறான். வடிந்ததும் போகலாம் என்று செமான் அண்ணன் மட்டும் என்னோடு உட்கார்ந்திருக்கிறார். எப்போது வடியும் என்று கேட்டால் மலையைப் பார்க்கிறார்.

இன்று காலை கடைக்காரர் படியில் ஒதுங்கிய ஒரு பொருளைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். ஒரு தகர மூடி. உள்பக்கம் நான் ஆணியால் கீறிய 'கா'.

மூடி மட்டும்தான் மச்சான். குழாய் இல்லை, படம் இல்லை. அதனால் நீங்கள் குழாயைத் திறந்து படத்தைக் கையில் எடுத்திருக்கிறீர்கள் என்று நினைத்துக்கொள்கிறேன். உயரமான ஏதோ ஒரு பாறையில் உட்கார்ந்து, என்னைத் திட்டிக்கொண்டு பார்க்கிறீர்கள் என்றும். எவ்வளவு வேண்டுமானாலும் திட்டுங்கள்.

இதை இரண்டு பிரதி எழுதுகிறேன். தண்ணீர் இறங்கியதும் ஆறு பிரியும் இடத்தில், இரண்டு கிளைக்கும் முன்னால் நிற்கும் மரங்களில் கட்டிவிடுவோம். எந்தப் பக்கமாக வந்தாலும் உங்கள் கண்ணில் படும்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். அந்தத் தாளைப் புரட்டி, பின்பக்கத்தை வெயிலில் பிடித்துப் பாருங்கள். எல்லாம் சரியாக இருக்கும், மச்சான். ஒரு வளைவுகூடத் தப்பாது. அப்படியே பார்த்துக்கொண்டு இறங்கி வாருங்கள். அக்கா கொடுத்த சம்பாலை நான் இன்னும் திறக்கவில்லை.

அல்லாஹ் உங்களை மேட்டில் வைத்திருக்கட்டும்.

காஜா