யோபுவைப் பாதியில் விட்டவனுக்கு

நீடாமங்கலம்

அன்பு மகன் இளம்பரிதிக்கு அம்மா எழுதுவது. நீயும் பூர்ணிமாவும் குழந்தை தமிழ்நிலாவும் அபுதாபியில் சுகமாக இருக்கக் கர்த்தர் துணை செய்வாராக, என் சுகத்தைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. போனில் சொன்னால் நடுவில் நீ அழுவாய், நான் நிறுத்திவிடுவேன், அதனால்தான் எழுதுகிறேன். சம்பா அறுப்பு முடிந்தது, கீழ வயல் மட்டும் மிஷின் இறங்க முடியாமல் ஈரத்தில் நிற்கிறது. பூர்ணிமாவுக்கு இரத்தம் குறைவு என்றாயே, கீரையைத் தினமும் சேர்க்கச் சொல்.

அப்பாவை அடக்கம் செய்த அன்று ஆலயத்தில் நீ பேசியதைத்தான் சபையில் இன்னும் பேசுகிறார்கள். எங்கப்பா ஒரு நாளும் வேதம் வாசிக்காம வயல்ல இறங்கினதில்ல, அவர் படுத்த பிறகு நான்தான் போன்ல தினமும் வாசிச்சுக் காட்டினேன் என்றாய். எல்லாரும் கண்ணைத் துடைத்தார்கள். அப்பாவின் சவப்பெட்டி பக்கத்தில் இருந்ததால் நான் வாயைத் திறக்கவில்லை. இப்போது சொல்கிறேன், கேட்டுக்கொள்.

பக்கவாதத்தில் அவருக்குப் பேச்சும் வலது கையும் போனபோது, நான் வாசிக்கிறேம்ப்பா என்று நீயாகத்தான் சொன்னாய். வேதத்தில் யோபுவின் புத்தகத்தில் ஆரம்பித்தாய். பிள்ளைகளைப் பறிகொடுத்து, உடம்பெல்லாம் புண்ணாகி, சாம்பலில் உட்கார்ந்து அவன் தான் பிறந்த நாளைச் சபிக்கிற இடம் வரை வந்தாய். பிறகு ட்யூட்டி மாறிவிட்டது என்றாய். அப்புறம் ஓர் ஆப்பை அனுப்பி, இதப் போட்டு விடும்மா, என்னைவிட நல்லா வாசிக்கும் என்றாய். போட்டேன். உன் குரல் இல்லை என்று தெரிந்ததும் இடது கையால் போனைத் தட்டிவிட்டார். அவருக்குத் தெரியாத கதையா அது, உன் வாயால் கேட்கத்தான் காத்திருந்தார். விடிந்ததும் சாய்த்து உட்காரவைக்கச் சைகை காட்டுவார், மடியில் வேதம், அதன்மேல் போன், கஞ்சி ஆறிப்போகும். நான் வாசிக்க வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். உன் வாட்ஸாப் ஸ்டேட்டஸில் மட்டும் தினமும் ஒரு வசனம் வந்துகொண்டிருந்தது, அதை நான் அவருக்குக் காட்டவில்லை. முதுகில் படுக்கைப்புண் வந்தது. புண்ணோடு கிடந்த மனிதரைப் புண்ணோடு கிடந்த யோபுவிடம் விட்டுவிட்டுப் போயிருந்தாய்.

அடைமழையில் ஒருநாள், அவரைப் புரட்டிப் படுக்கவைக்கப் பக்கத்து வீட்டுக் கலைமகள் வந்தாள். அவள் மாரியம்மன் கோயிலுக்குப் போகிறவள். அவரு மூஞ்சிய ஏங்க்கா பாக்குறீங்க, காது கேக்குதுல்ல, படிங்க என்றாள். அன்றிலிருந்து அவர் திரும்பிப் படுத்தாலும் முதுகைப் பார்த்து வாசித்தேன், நீ விட்ட இடத்திலிருந்து தினமும் ஓர் அதிகாரம். ஒரு காலை அவராகவே என் பக்கம் திரும்பினார். வாசித்து முடிக்கும்வரை என் புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டிருந்தார். பெருங்காற்றிலிருந்து கர்த்தர் பேசத் தொடங்குகிற இடத்தை வாசித்த அன்று மத்தியானம் உயிர் போனது. கடைசியில் யோபுவுக்கு எல்லாம் திரும்பக் கிடைத்ததை அவர் கேட்கவில்லை. நீ விடாமல் வாசித்திருந்தால் அதைக் கேட்டு, மறுபடி முதலிலிருந்தும் கேட்டிருப்பார்.

அப்பாவின் வேதப்புத்தகத்தை நினைவாகக் கேட்டாய், தரமாட்டேன், உன்னுடையதைத் திற. எனக்குப் போனில் வாசிக்கிறேன் என்று ஆரம்பிக்காதே, எடுக்கமாட்டேன். தமிழ்நிலாவை உட்காரவைத்து வாசி, அசதியானாலும் வாசி, ஸ்டேட்டஸில் போடாதே. கர்த்தர் உங்கள் மூவரையும் தம் கைக்குள் வைத்துக் காக்கட்டும். என்னால் உன்னை மன்னிக்க முடியவில்லை. முடியும் என்கிற ஒரு நாள் வருவதற்காகத்தான் தினமும் வாசிக்கிறேன்.

இப்படிக்கு,
உன்னைப் பெற்றவள்
பொன்னுத்தாய்