துக்கப் பட்டியலில் அவர் பெயர்

அக்டோபர் 12, ஞாயிறு.

நாளை என் வீட்டுக்காரருக்கு இதய ஆபரேஷன். அதற்காகப் போன வாரம் போலவே இன்றும் சபையில் ஜெபிக்கச் சொல்லி பெயர் கொடுத்திருந்தேன். செயலர் அண்ணன் சுகவீனர் பட்டியலை விட்டு, துக்க வீட்டார் பட்டியலில் இவர் பெயரை வாசித்துவிட்டார். "மறைந்த தங்கையனின் குடும்பத்துக்கு ஆறுதல் உண்டாக" என்றார். சபை முழுவதும் என்னைத் திரும்பிப் பார்த்தது.

நான் சும்மா இருப்பேனா? "அண்ணோ, அவசரப்படாதேயும். ஆளு வீட்டுல மரச்சீனிக் கிழங்கு கேட்டுட்டுக் கெடக்குதாராக்கும்" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள்.

இவரிடம் மறைக்க நினைத்தேன். அதற்குள் இவர் இறந்துவிட்டதாகக் கேள்விப்பட்டு அமரவிளையிலிருந்து நாத்தனார் அழுதுகொண்டே போன் செய்திருக்கிறாள். எடுத்ததே இவர்தான்!

"நீங்க ஒண்ணும் நினைக்காதீங்க" என்றேன்.

"ஏட்டி, எனக்கு உள்ள ஜெபம் போன ஞாயிறே கழிஞ்சு. இன்னைக்கு உனக்கு உள்ளதாக்கும். உனக்கும் ஆறுதல் வேணும்லா?" என்றார்.

ஆஸ்பத்திரிப் பையில் வேட்டிக்கு மேல் பைபிளை வைத்தேன். இவர் தூங்குகிறார். மூச்சு வருகிறதா என்று இரண்டு தடவை பார்த்துவிட்டேன்.

கர்த்தாவே, அந்த ஆறுதலை நீரே பத்திரமாக வைத்துக்கொள்ளும். எனக்கு இப்போதைக்கு இந்த ஆள் போதும்.