மண்வெட்டியாகாத பாராங்

மச்சான்,

போன சனிக்கிழமை கூட்டரசு நெடுஞ்சாலையில் போலீஸ் தடுப்பு. பிரிக்பீல்ட்ஸிலிருந்து கிள்ளானுக்கு வந்துகொண்டிருந்தேன். மீசை வைப்பதா வேண்டாமா என்று இன்னும் முடிவெடுக்காத முகத்தோடு ஒரு மலாய்க்கார இளம் போலீஸ்காரர் காரின் பின்பெட்டியைத் திறக்கச் சொன்னார். உதிரி டயருக்கும் தங்கச்சி கேட்ட அரிசிப் பைக்கும் நடுவில் உன் இரும்பு கிடந்தது. பிடியைப் பார்த்தால் பாராங், வெட்டுக்கத்திதான், சந்தேகமில்லை. நுனியைப் பார்த்தால் யானை மிதித்த அகப்பை. இரண்டு விரலால் அதைத் தூக்கிப் பார்த்து, "இது என்ன அங்கிள்?" என்று மலாயில் கேட்டார்.

வாயாலேயே ஏழு கடலைத் தாண்டியவன் என்று நீயே ஒப்புக்கொண்ட உன் மச்சானுக்கு அந்த நேரம் பார்த்து நாக்கு ஒட்டிக்கொண்டது. முதுகில் ஓடிய வியர்வையில் கிள்ளான் ஆறு இரண்டடி உயர்ந்திருக்கும்.

உனக்கு நினைவிருக்கிறதா, கிறிஸ்துமஸ் காலை ஆராதனையில் நீ ஏசாயா தீர்க்கதரிசியின் புத்தகத்தை வாசிக்கிற அழகு? ஷா ஆலம் இரும்புத் தொழிற்சாலையில் மெஷின் சத்தத்தை மீறிக் கத்திக் கத்தி வளர்ந்த குரல். ஒரு பாலகன் பிறந்திருக்கிறான், அவன் சமாதானப் பிரபு என்று நீ முழங்கினால் சபைக் கூரையிலிருந்த புறாக்கள் ரவாங் வரை பறந்துபோய், அங்கேயே குடும்பம் நடத்தி, அடுத்த கிறிஸ்துமஸுக்குத்தான் திரும்பும். பின்வரிசையில் உட்கார்ந்து நம் பையன் உன்னைப் போலவே வாயசைத்துக் காட்டுவான். நான் சிரிப்பை அடக்க வேதப் புத்தகத்தால் முகத்தை மூடுவேன். உனக்கு மகன், எனக்கு மருமகன். அவன் சேட்டைகளில் பாதி தாய்மாமன் சொல்லிக் கொடுத்தது.

அவனை வெட்டியது கார் நிறுத்துகிற இடத்துக்காக. வெயில் நேரம், சாப்பாட்டுக் கடை வாசல். தடுக்கத் தூக்கிய கையில் முதல் வெட்டு, கழுத்தில் அடுத்தது. உள்ளே சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் கையில் எடுத்த சோற்றோடு மேசைக்கு அடியில் போனார்கள். பிணவறையில் துணியை விலக்கியபோது, நான் பிடித்து நடக்கப் பழக்கிய கை தோளோடு சேராமல் கிடந்தது. இந்த இடத்தில் மட்டும் எனக்கு அளந்துவிட வரவில்லை மச்சான். நடந்தது நடந்தபடி இவ்வளவுதான்.

பிறகு வழக்கு. மேசைக்கு அடியில் போனவர்களில் ஒருவரும் சாட்சிக்கு வரவில்லை. வெட்டியவன் வெளியே வந்தான். நம் வீட்டிலிருந்து அடுத்த சாலை முனையில் இருக்கும் கார் கழுவும் கடையில் வேலைக்கும் சேர்ந்தான். அந்த வாரமே பாசார் சந்தையில் நீ புதுப் பாராங் வாங்கினாய். தேங்காய் வெட்ட என்று தங்கச்சியிடம் சொன்னாய். தேங்காய் வெட்டுகிறவன் கத்தியைத் துண்டில் சுற்றி டிரைவர் சீட்டுக்கு அடியில் வைக்க மாட்டான்.

உன்னைக் கொஞ்ச நாள் இங்கிருந்து கிளப்பினால் போதும் என்று உன் மகள் மெல்பர்னுக்கு அழைத்துக்கொண்டாள். போகும்போது ஊமையாகப் போனாய். வரும்போது ஒரு யூதரோடு வந்தாய். ஆள் வரவில்லை, அவர் பேச்சு வந்தது. மகளின் வேலிக்கு அந்தப் பக்கம் குடியிருந்த கிழவர். போரில் பெற்றோர், அக்கா, தம்பி என்று மொத்தக் குடும்பத்தையும் பறிகொடுத்தவர். தக்காளிச் செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டே, நீ மனப்பாடமாக வைத்திருந்த ஏசாயாவை அவர் தலைகீழாகத் திருப்பிவிட்டார்.

பிரிக்பீல்ட்ஸ் டீக்கடையில் தே தாரேக் ஆறும்வரை நீ சொன்னதெல்லாம் எனக்கு அப்படியே இருக்கிறது.

"மச்சான், அடிக்கப்பட்ட ஊழியக்காரன்னு ஏசாயாவுல வருதே, அது யாரு?"

"இது ஒரு கேள்வியா? இயேசு சாமி. ஞாயிறு பள்ளிப் பிள்ளையைக் கேட்டாலும் சொல்லும்."

"அவரு சொல்றாரு, அது எங்க ஜனம்னு. ஊர் ஊரா அடிச்சு வெரட்டினாங்களே, அந்த மொத்த ஜனமும்தான் அந்த ஊழியக்காரனாம்."

"அப்போ பாலகன்?"

"அந்தக் காலத்து ராஜா வீட்டுப் பிள்ளையாம். மேசியா இன்னும் வரவே இல்லையாம் லா."

நான் விட்டேனா? மேசை மேல் கையை ஓங்கி அடித்தேன். ரயில் நிலையத்தில் நின்ற ரயில் பச்சை விளக்கென்று நினைத்துக் கிளம்பிவிட்டது. மேசியா ஒரு முறை அடிபட வந்தார், மறுபடி அரசாள வருவார், தீர்க்கதரிசி தூரத்திலிருந்து இரண்டு மலைகளை ஒரே மலையாகப் பார்த்தார் என்று நம் சபை ஐயர் பிரசங்கத்தை வட்டியோடு திருப்பிச் சொன்னேன். நீ கேட்டுவிட்டு, கிழவரின் கேள்வியை என் முன்னால் வைத்தாய்.

"அவர் வந்துட்டார்னா உங்க வீட்டு வாசல்ல எதுக்கு இரும்பு கிரில்னு கேட்டாரு மச்சான். வாளெல்லாம் மண்வெட்டி ஆகணும்னு அதே ஏசாயாதானே எழுதியிருக்காரு? ஆச்சா? கிள்ளான்ல ஆச்சா?"

என்னிடம் பதில் இருந்தது. அதைச் சொல்லாமல் இன்னொரு தே தாரேக்குக்குக் கை காட்டினேன். நீ மதத்தை விட்டுவிடுவாய் என்று நான் பயப்படவில்லை. வந்தவரே வரவில்லை என்றால் உன் கையை யார் பிடிப்பார்கள், அந்தச் சீட்டுக்கு அடியில் போகிற கையை? அதுதான் என் பயம்.

பிறகு சபை மண்டபத்தில் அந்தப் புகழ்பெற்ற யுத்தம். ஆண்கள் வேதபாடம். நீ எழுந்து, இந்தப் புத்தகம் முதலில் யாருடையதோ அவர்கள் இதை எப்படி வாசிக்கிறார்கள் என்று நாம் ஒரு நாளாவது கேட்டோமா என்றாய். ஆண்கள் சங்கச் செயலாளருக்கு முகம் சிவந்தது.

"பிரதர், யூதன் சொல்றத பேச இது இடம் இல்ல. சமாதானப் பிரபு வந்தாச்சு. உங்க மனசுல சமாதானம் இல்லன்னா அது உங்க விசுவாசக் குறை. பையன் விஷயத்துல கர்த்தர் ஏதோ ஒரு பாடம்…"

அவர் பாடத்தை முடிக்கவில்லை. நீ அவர் சட்டைக் காலரைப் பிடித்துச் சுவரோடு சாத்தினாய். அவர் தலை மோதி, சுவரில் மாட்டியிருந்த இயேசுவின் கடைசி இராப்போஜனப் படம் விழுந்து கண்ணாடி சிதறியது. அவர் உன் தொண்டையைப் பிடித்தார். நீ ஒரு கையால் இரும்பு நாற்காலியைத் தூக்கினாய். ரத்தக் கொதிப்பும் சர்க்கரையும் உள்ள பெரிய மனிதர்கள் எல்லாம் அப்போஸ்தலர்களைப் போலவே சிதறி ஓடினார்கள். நான் ஒருவன்தான் நடுவில் பாய்ந்தேன். என்னை யார் பாயச் சொன்னது? நாற்காலி என் புருவத்தில் இறங்கியது. நான் விழுந்த அதிர்ச்சி போர்ட் கிள்ளானில் நின்ற கப்பல்களுக்குத் தெரிந்திருக்கும்.

கண்ணில் ரத்தம் வழிய, தரையில் கிடந்தபடி சொன்னேன்: "அடிபட்ட ஊழியக்காரன நீங்க இயேசுன்றீங்க. அவங்க எங்க ஜனம்ன்றாங்க. இங்க மத்தவங்களுக்காக அடி வாங்கினவன் நான்தான்டா!"

ஒருவரும் சிரிக்கவில்லை. நீ மட்டும் நாற்காலியைப் போட்டுவிட்டு உட்கார்ந்து அழுதாய். பையனை அடக்கம் செய்தபோதுகூட அழாதவன்.

என் புருவத்துக்குத் தையல் போட்டுத் திரும்பும்போது நீ வீட்டுப் பக்கம் காரைத் திருப்பவில்லை. கார் கழுவும் கடைக்கு எதிரே நிறுத்தினாய். துண்டைப் பிரித்துப் பாராங்கை மடியில் வைத்தாய். எதிரில் பையனை வெட்டியவன் ரப்பர் காலணி போட்டு ஒரு வெள்ளை வேனுக்கு நுரை தேய்த்துக்கொண்டிருந்தான்.

"சொல்லு மச்சான். வந்துட்டாரா, இல்லையா?"

என் ஆயுளில் என் வாயிலிருந்து கதை வராத இரண்டாவது இடம் அது. "வந்துட்டாருன்னுதான் நான் நம்புறேன்," என்றேன். "ஆனா வேலை முடியல. அது எனக்கும் தெரியுது." நீ கதவுப் பிடியில் கை வைத்தாய். நான் உன் சட்டையைப் பிடித்துக்கொண்டு கேட்டேன்: "அந்தக் கிழவரு குடும்பத்தையே கொன்னாங்களே. அவரு யார வெட்டினாரு?"

நீ கதவுப் பிடியை விட்டாய்.

"நானும் கேட்டேன் மச்சான். மேசியா வர்றப்போ வாசல்ல நிக்கணும், கையில ரத்தத்தோட நிக்க எனக்கு இஷ்டமில்லன்னு சொன்னாரு."

சொல்லி முடித்ததும் ஸ்டியரிங்கை அடிக்க ஆரம்பித்தாய். வலது கை, இடது கை, மறுபடி வலது. கட்டை விரல் பிசகியது. அப்புறமும் அடித்தாய். ஹார்ன் உள்ளே சிக்கி அலற ஆரம்பித்தது, நிற்கவே இல்லை. கடைக்காரர்கள் எல்லாரும் திரும்பினார்கள். அவன் ஓடிவந்து கண்ணாடி வழியாகக் குனிந்தான். "அங்கிள், ஹார்ன் ரோசாக் ஆச்சா?" என்று கேட்டான். கெட்டுப்போச்சா என்று. கேட்ட பிறகுதான் முகத்தைப் பார்த்தான். கோர்ட்டில் பார்த்த முகம். மடியில் இருப்பதையும் பார்த்தான். நுரை வழிகிற கையோடு அப்படியே நின்றான். ஓடவில்லை.

"தள்ளி நில்லு," என்றாய். "வண்டிய எடுக்கணும்."

வீடு வரை அந்த ஹார்ன் அலறிக்கொண்டே வந்தது. கிள்ளான் முழுக்க மேசியா வந்துவிட்டார் என்று நினைத்து வாசலுக்கு வந்திருப்பார்கள்.

நீ நேராகப் பின்கட்டுக்குப் போய், காஸ் பர்னரை மூட்டி, பாராங்கைப் பழுக்கக் காய்ச்சிச் சுத்தியலால் அடித்தாய். பிசகின கையோடு அடித்தாய். ஒவ்வோர் அடிக்கும் வாயில் ஒரு கெட்ட வார்த்தை. ஏசாயா அந்த வார்த்தைகளை எழுதவில்லை, எழுதியிருந்தால் நான் இன்னும் கவனமாக வாசித்திருப்பேன். தங்கச்சி சமையலறை வாசலில் நின்று வாயைப் பொத்திக்கொண்டு பார்த்தாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. வந்தாச்சு, சமாதானமாய் இரு என்றவர் உன் கையில் நாற்காலியைக் கொடுத்தார். இன்னும் வரவில்லை என்றவர் சுத்தியலைக் கொடுத்திருக்கிறார். என் பயம் தலைகீழான பயம்.

மலிவு இரும்பு. மண்வெட்டியாகிற ஜாதி இல்லை. வளைந்தது, பிளந்தது. இருந்தாலும் சனிக்கிழமை தோறும் அடித்தாய். அந்த வருடக் கிறிஸ்துமஸுக்கும் நீதான் வாசித்தாய். சமாதானத்துக்கு முடிவு இருக்காது என்கிற இடம் வந்ததும் நின்று, எங்கள் எல்லாரையும் ஒரு முறை பார்த்துவிட்டு, கேள்வி கேட்கிற மாதிரி அதை வாசித்தாய். புறாக்கள் பறக்கவில்லை. மூச்சு வாங்குகிறது பாவம் என்று பக்கத்தில் சொன்னார்கள். கடைசிவரை நீ நம் சபையை விடவுமில்லை, கிழவரின் கேள்வியை விடவுமில்லை. போன வருடம் மாரடைப்பு உன்னைக் கொண்டுபோனபோது சுத்தியல் பின்கட்டுச் சுவரில் சாய்ந்திருந்தது.

போலீஸ்காரருக்கு என்ன சொன்னேன் என்றா கேட்கிறாய்? "மண்வெட்டி, துவான்," என்று மரியாதையாகச் சொன்னேன். அவர் என் புருவத் தழும்பைப் பார்த்தார், இரும்பைப் பார்த்தார். "இதுவா?" என்றார். "பெலும் சியாப்," என்றேன். இன்னும் தயாராகவில்லை. அவர் தலையை ஆட்டிச் சிரித்து, அதை அரிசிப் பைக்குப் பக்கத்தில் வைத்து, போகச் சொன்னார். பெட்ரோல் நிலையத்தில் காரை நிறுத்திக் கொஞ்ச நேரம் ஸ்டியரிங்கில் தலை வைத்திருந்தேன். ஹார்னில் படாமல்.

இப்போது சனிக்கிழமைகளில் அதைக் காரில் கொண்டுவந்து உன் பின்கட்டில் நான்தான் அடிக்கிறேன். மேசியா வந்தவர்தான் என்கிற கட்சியிலிருந்து நான் ஓர் அங்குலம்கூட நகரவில்லை, நான் சுத்தியல் பிடித்ததை வைத்து அங்கே பெருமை பேசாதே. என் அடி பத்தில் ஒன்பது ஓரத்தில் விழுகிறது, மிச்சம் என் விரலில். தங்கச்சி உள்ளேயிருந்து கத்துகிறாள்.

"அண்ணே, அது வெட்டுறதுக்கா, கொத்துறதுக்கா?"

"இன்னும் ஒண்ணுக்கும் ஆகலம்மா. காஸை மட்டும் அணைச்சிடாத."