லியோன் அண்ணையின் கொப்பி

குருநகர், யாழ்ப்பாணம்.

அன்புள்ள அப்பாவுக்கு,

ஹட்டனில் மழை விட்டதா? உங்கள் கால்வீக்கம் குறைந்ததா? நான் நலம். இந்த வெயில்தான் இன்னும் பழகவில்லை.

நேற்று ஒரு வேடிக்கை நடந்தது, பயப்படாதீர்கள். எங்கள் கிளினிக்குக்கு வரும் மார்கிரட் அக்காவுக்கும் கணவர் லியோனுக்கும் நீரிழிவு. விரலில் குத்திச் சீனி அளவைப் பார்த்து, ஆளுக்கொரு கொப்பியில் எழுத, தாதி என்ற முறையில் நான்தான் பழக்கினேன். லியோன் அண்ணை இரண்டு மாதங்களுக்கு முன் மாரடைப்பில் இறந்துவிட்டார். நேற்றுக் காலை அக்காவின் வீட்டுக்குப் போனேன். இரண்டு கொப்பிகளிலும் அன்றைய அளவு இருந்தது.

"அக்கா, அண்ணையோட கொப்பியில இருக்கிறது யாரோட ரத்தம்?"

"அவரின்ரைதான், மிஸி. நான் குத்தினாத்தான் அவருக்கு நோகாது."

தன் இரத்தத்தையே இருமுறை பார்க்கிறார் என்று நினைத்தேன். ஆனால் கருவியின் பதிவில் முதலில் 210, இரண்டு நிமிடம் கழித்து 96. ஒரே உடம்பில் அப்படி இறங்காது. அக்காவின் விரல்களைத் திருப்பிப் பார்த்தேன். புதிய குத்து ஒன்றுதான்.

லியோன் அண்ணையின் கொப்பியை எடுத்துப்போகக் கை நீட்டினேன்.

"வேண்டாம், மிஸி. அவர் பாக்காட்டி நானும் பாக்கமாட்டன்."

அக்கா தன்னைக் கவனிப்பதை விட்டுவிடக் கூடாதே என்று இரண்டிலும் கையெழுத்து வைத்தேன். அக்கா, அண்ணை வழக்கமாக உட்காரும் வெறும் கதிரைப் பக்கம் காதைக் கொடுத்துவிட்டுச் சிரித்தார்.

"மிஸிக்கு ஏன் கை நடுங்குது எண்டு கேக்கிறார்."

தேயிலை கொஞ்சம் அனுப்புங்கள். ஒருத்திக்குக் காணும் அளவு போதும். உங்கள் சீனி அளவையும் வாராவாரம் எழுதி அனுப்புங்கள், அப்பா. உங்கள் கையாலேயே எழுதுங்கள். பஸ் வந்துவிட்டது, முடிக்கிறேன்.

மகள்,
நித்யகலா