மருதாசலத்துக்கு இல்லாத தீட்டு

2024 ஜூன் 10, திங்கள்

காலையிலிருந்து கரண்ட் இல்லை. ஆறு லாரி டயர் ரப்பர் ஒட்டாமல் அப்படியே கிடக்கின்றன. பதினோரு மணிக்கு நாமக்கல் கோர்ட்டிலிருந்து அனிதா போன் செய்தாள். அவள் புருஷன் அன்பரசு செத்தது விபத்துதானாம். டிப்பர் டிரைவரை விட்டுவிட்டார்கள்.

விபத்தா? பதினெட்டு வருடமாகப் பழைய டயருக்குப் புது ரப்பர் ஒட்டிப் பிழைக்கிறவள் நான். அன்பரசுவின் சட்டையில் பதிந்திருந்த இரண்டு டயர் அச்சை இந்தக் கண்ணால் பார்த்தேன். ஒன்று முன்னால் போனது, இன்னொன்று ரிவர்ஸில் வந்தது. குவாரிக்காரன் வேலுசாமி எல்லை தாண்டிப் பாறை உடைத்ததைப் படம் பிடித்து, கலெக்டரிடம் கொடுக்கக் கிளம்பியவன் அவன். அந்த மண் ரோட்டில் வருவான் என்று வேலுசாமிக்கு எப்படித் தெரிந்தது? பதினாறு மாதமாக இந்தக் கேள்விதான்.

சட்டம் விட்டால் நானும் விட வேண்டுமா?

ஜூன் 12, புதன்

மூன்று பேரும் பட்டறையில் கூடினோம். ஒன்பதாம் வகுப்பில் அன்பரசுவோடு சேர்த்து நான்கு பேராக இருந்தோம். மருதாசலம் போர் போடும் ரிக் வண்டியை ஆந்திராவிலேயே விட்டுவிட்டு வந்திருக்கிறான். கலைமணியின் இரண்டு டிப்பரும் வேலுசாமியின் குவாரியில் ஓடுவதால் அங்கே நடப்பதெல்லாம் அவனுக்கு அத்துப்படி.

"வேலுசாமி வியாழக்கிழமையானா காலைல தோட்டத்துக்குத் தனியாத்தான் போவான்" என்றான் கலைமணி.

அப்படியானால் 20ஆம் தேதி. கொல்வது என்று முடிவு.

ஜூன் 14

சோற்றுத் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தேன். பயமில்லை, ஆத்திரம்.

ஜூன் 18, செவ்வாய்

கருப்பனார் கோயிலில் காசு வெட்டிப் போட்டோம். அநியாயம் செய்தவன் பேரைச் சொல்லி, காசைக் கல்லில் வைத்து உளியால் இரண்டாகப் பிளந்து சாமி முன்னால் போடுவது எங்கள் பக்கத்து வழக்கம். வெட்டுகிறவன் மனசில் கள்ளம் இருந்தால் அவனையே திருப்பி அடிக்கும் என்பார்கள். வெட்டிப் போட்டுவிட்டு, இனி சாமி பார்த்துக்கொள்ளும் என்று வீட்டுக்குப் போய்விடுகிறவர்கள்தான் அதிகம். நான் அந்த ரகம் இல்லை. செய்யப்போவது நாங்கள். சாமி சாட்சிக்கு மட்டும் இருந்தால் போதும்.

மருதாசலம் கால் கழுவப் போயிருந்தான். கலைமணி காரை விட்டு இறங்கவே இல்லை.

"பங்காளி ஊட்டுல சாவு அமுதா. தீட்டு. நான் உள்ள வரப்படாது, நீங்க வெட்டிட்டு வாங்க."

ஏசி ஓடிக்கொண்டிருந்தது, அவன் முகமெல்லாம் வேர்வை. நானும் மருதாசலமும் வெட்டினோம். மூன்றாவது அடியில் பிளந்தது.

ஜூன் 19, காலை

கலைமணி ஏன் உள்ளே வரவில்லை என்று மருதாசலம் இப்போதுதான் கேட்டான். சொன்னேன். டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டான்.

"தீட்டா? அவனும் நானும் ஒரே பங்காளிக. சாவுன்னா எனக்குந்தான தீட்டு? நான் நேத்து கோயிலுக்குள்ளயே நின்னேனே!"

யாரும் சாகவில்லை. உளியைத் தொடப் பயந்தவன் வாயில் அவசரத்துக்கு வந்த பொய் அது.

ஐயோ. அன்பரசு எந்த வழியில் போகிறான் என்று அனிதாவுக்குக்கூடத் தெரியாது. நான்கு பேருக்குத்தான் தெரியும். ஒருத்தன் செத்துவிட்டான். இரண்டு பேர் இங்கே உட்கார்ந்திருக்கிறோம்.

மதியம் கலைமணியைப் பட்டறைக்கு வரச் சொல்லியிருக்கிறேன்.

ஜூன் 23, ஞாயிறு, ஆஸ்பத்திரி

இடது கையால் எழுதுகிறேன். கோழி கிளறிய மாதிரி இருக்கிறது. இருக்கட்டும், எழுதியே தீருவேன்.

அன்றைக்கு முதலில் அடித்தது நான்தான். டயர் கழற்றும் இரும்பு லிவரால், முழங்காலில். எலும்பு முறிந்த சத்தம் கேட்டது. வருத்தமில்லை.

"மெரட்டி உடுவாங்கன்னுதான் நெனச்சேன் அமுதா, கொல்லுவாங்கன்னு நெனக்கல" என்று அழுதான். அழுகையோடு இன்னொன்றும் வந்தது: "நாளைக்குத் தோட்டத்துப் பக்கம் போயிராதீங்க. அங்க ஆளுக நிப்பாங்க." எங்களையும் விற்றுவிட்டான், பாவி!

மருதாசலம் ரப்பர் அறுக்கும் கத்தியை எடுத்து அவன் கழுத்துக்குக் கொண்டுபோனான். நான் கத்தியைப் பிடித்தேன். யோசித்தெல்லாம் பிடிக்கவில்லை. என் சுண்டு விரலும் அதற்கு அடுத்ததும் தரையில் விழுந்தன. கலைமணி அழுகையை நிறுத்திவிட்டு அவற்றையே பார்த்தான்.

டாக்டரிடம் மெஷினில் மாட்டிக்கொண்டது என்றேன். கலைமணி டிப்பரிலிருந்து விழுந்தேன் என்றானாம்.

ஜூலை 8

கட்டுக் காலோடு கலைமணி மாஜிஸ்திரேட் முன்னால் வாக்குமூலம் கொடுத்தான். அன்பரசு போகும் வழியை யார் கேட்டது, யார் சொன்னது, டிரைவரை அனுப்பியது யார், எல்லாம். அனிதா வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள்.

வராந்தாவில் என் கையைப் பார்த்து, "வலிக்குதா அமுதா?" என்றான்.

"உன் உசுருக்காவ நான் கத்தியப் புடிக்கல. உன் வாய் வேணும். அதுக்குத்தான் புடிச்சேன்."

ஜூலை 19

வேலுசாமியைப் பிடித்துவிட்டார்கள். அனிதாதான் போன் செய்து சொன்னாள். நான் வாய்விட்டு அழுதேன்.

செப்டம்பர் 5, வியாழன்

வேலுசாமிக்கு இன்றைக்கும் ஜாமீன் இல்லை. கோர்ட் வாசலில் வேனில் ஏறும்போது என்னை முறைத்தான். மூன்று விரல் கையைத் தூக்கி நன்றாகக் காட்டினேன்.

திரும்பும்போது மருதாசலம்தான் வண்டி ஓட்டினான். பஸ் ஸ்டாப்பில் கலைமணி ஊன்றுகோலோடு தனியாக நின்றான். டிப்பர் இரண்டும் போய்விட்டன என்று கேள்வி. எங்கள் காரைப் பார்த்ததும், எப்போதும்போல ஒரு அடி முன்னால் வந்தான். மருதாசலத்தின் கால் பிரேக்குக்குப் போனது.

"ஓட்டு" என்றேன்.