சமத்து என்று எழுதிவிட்டேன்

ரோசிம்மா,

அங்கன்வாடி மையத்துக்கு வெள்ளையடிக்கிறார்கள் என்று நேற்று பீரோவை நகர்த்தினோம். பின்னால் பழைய குறிப்பேடு ஒன்று கிடந்தது. ஓரத்தைக் கரையான் தின்றிருந்தாலும் அட்டையில் 2005 என்பது தெரிந்தது. உள்ளே என் கையெழுத்து. உங்கள் மகள் ரோசியின் பெயருக்கு நேரே, "மிகவும் சமத்து. வைத்த இடத்தில் இருப்பாள். சத்தமே கிடையாது." படித்ததும் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். ஆயாம்மா பதறிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்தார். அவரிடம் என்ன சொல்ல? உங்களிடம்தான் சொல்ல வேண்டும், நீங்களோ போய்விட்டீர்கள்.

செம்மங்குப்பத்தில் எல்லாரும் பால்வாடி என்றே சொல்லும் இந்த ஒற்றை அறையில் இருபது பிள்ளைகள் ஒன்றாகக் கத்தும்போது, சத்தம் போடாத ஒரு பிள்ளை எனக்கு வரமாகத் தெரிந்தது. மற்றவர்கள் எழுந்தால் எழுவாள், கொஞ்சம் தாமதமாக. பாட்டுக்குக் கையை ஆட்டுவாள், உதட்டையும் அசைப்பாள், குரல் மட்டும் வராது. வெட்கம் என்று நானே முடிவுகட்டினேன். மாதாமாதம் அவளை நிறுத்து, கிராம் பிசகாமல் எடையை எழுதினேன். அதற்குத்தான் எனக்குப் பயிற்சி தந்திருந்தார்கள். காது கேட்கிறதா என்று பார்க்க யாரும் சொல்லித்தரவில்லை. எனக்குத் தானாகவும் தோன்றவில்லை.

உங்களுக்குத் தோன்றியது. சத்துமாவு வாங்க வரும்போதெல்லாம் வாசலில் தயங்கி நிற்பீர்கள்.

"டீச்சர், மூணு வயசாவுது. இன்னும் அம்மான்னு கூப்புடல."

"சில புள்ளைங்க லேட்டாத்தான் பேசும் ரோசிம்மா. ஆரம்பிச்சிட்டா அப்புறம் வாய மூட மாட்டா, பாருங்க."

சிரித்துக்கொண்டே போவீர்கள். ஆஸ்பத்திரியில் காட்டலாம் என்ற உங்கள் வீட்டுக்காரரிடம், "டீச்சரே சொல்லிட்டாங்க, ஒண்ணுமில்லையாம்" என்று மறுத்தீர்களாம். அதை நினைத்தால் இன்றும் எனக்குச் சோறு இறங்குவதில்லை.

ஐந்து வயதில் பள்ளியில் சேர்க்கப் போன இடத்தில், முதுகுக்குப் பின்னாலிருந்து பெயர் சொல்லிக் கூப்பிட்ட தலைமையாசிரியைதான் காது கேட்கவில்லை என்று கண்டுபிடித்தார். சிதம்பரத்தில் பார்த்த டாக்டர், "ரெண்டு வயசுலயே கூட்டியாந்திருந்தா எவ்வளவோ செஞ்சிருக்கலாம்மா" என்றாராம். பஸ்ஸிலிருந்து இறங்கி நேராக என்னிடம் வந்தீர்கள். அறையப்போகிறீர்கள் என்று நினைத்தேன். அறைந்திருக்கலாம்.

"ஒங்களுக்கும் தெரியல, எனக்கும் தெரியல. நாளைக்கி வர்ற புள்ளைக்காச்சும் தெரிஞ்ச டீச்சர் வேணும்ல?" என்றீர்கள்.

அதிலிருந்து திங்கட்கிழமை ஆனால் கடலூர் கலெக்டர் ஆபீஸில் மனு. கேட்பது, பேசுவது, நடப்பது இதில் எது பின்தங்கினாலும் சின்ன வயதிலேயே கண்டுகொள்ள ஒவ்வொரு பால்வாடி டீச்சருக்கும் பயிற்சி வேண்டும். அவ்வளவுதான் அந்த மனு. மேசையில் இருந்தவர், "ஒதவித்தொகைக்காம்மா?" என்பார். "இல்ல சார், டீச்சருங்களுக்கு ட்ரெய்னிங்." "ஒங்க புள்ளைக்கி என்ன வேணுமோ அத கேளும்மா" என்று சொல்லி, உதவித்தொகை என்றே பதிவு செய்துகொள்வார். அடுத்த திங்கள் மறுபடி போவீர்கள்.

என்னிடம் நீங்கள் கேட்டது ஒன்றே ஒன்று. "நீங்களும் வந்து, தெரியாமப் போச்சுன்னு ஒரு வார்த்த சொல்லுங்க டீச்சர். அப்பத்தான் அவுங்களுக்குப் புரியும்." வந்தேன், கேட் வரைக்கும். மெமோ கொடுப்பார்கள், வேலை போய்விடும் என்று பயந்து எதிர் டீக்கடையிலேயே நின்றுவிட்டேன். வெயிலில் திரும்பி வந்த நீங்கள், "டீ குடிச்சீங்களா டீச்சர்?" என்று மட்டும் கேட்டீர்கள்.

போன வருஷம் மஞ்சள் காமாலை பத்தே நாளில் உங்களைக் கொண்டுபோனது. கல்லறைத் தோட்டத்தில், நிறுத்திய இடத்திலேயே ஒன்பது வயது ரோசி நின்றாள். "பாவம், எவ்ளோ சமத்தா நிக்கிது பாரு" என்றாள் ஒருத்தி. எனக்கு அலற வேண்டும் போலிருந்தது. அம்மா இனி வரமாட்டாள் என்று அந்தப் பிள்ளைக்கு யாரும் சொல்லவில்லை. எப்படிச் சொல்வதென்று ஒருவருக்கும் தெரியவில்லை.

இந்தத் திங்கட்கிழமை நானே மனுவோடு உள்ளே போனேன். "அந்த டீச்சர் நான்தான் சார். எனக்குத் தெரியாமப் போச்சு" என்றேன். புது அதிகாரி. கேட்டுக்கொண்டு, "மேல எழுதுறோம்மா" என்றார். எத்தனை பிள்ளைகள் வளர்ந்து முடித்தபிறகு பதில் வரும்? புதிதாகச் சேரும் பிள்ளைகளின் முதுகுக்குப் பின்னால் நின்று கைதட்டிப் பார்க்கிறேன். காதுக்கு அது. மற்றதற்கெல்லாம் என்ன செய்வேன்? முகம் பார்க்காத பிள்ளை, கால் ஊன்றாத பிள்ளை, எதை எதை இன்றைக்கும் தவற விடுகிறேனோ! பயமாக இருக்கிறது ரோசிம்மா. ஒழுங்காக உட்கார்ந்திருக்கும் பிள்ளையைப் பார்த்தாலே பயம்.

சாயங்காலம் பள்ளி விட்டதும் ரோசி இங்கே வருகிறாள். மூக்கின் ஓரத்தில் விரலை வைத்துக் காட்டுகிறாள். உங்கள் மூக்குத்தி. அவளிடம் உங்களுக்கு அதுதான் பெயர். பிறகு உள்ளங்கையைத் திருப்பி, எங்கே என்று கேட்கிறாள். பதில் சொல்லும் சைகை எதுவும் எனக்குத் தெரியாது. தினமும் கேட்கிறாள். தினமும் நான் கையை விரிக்கிறேன்.