உன் பெயர் இல்லாத அறிவிப்பு

செகிஞ்சான் கடற்கரைச் சந்தையில் வாங்கிய கருவாட்டை இன்று காலை பிரித்தேன். சுற்றியிருந்த பத்திரிகைத் தாளில் பாதி கிழிந்த ஒரு கண்ணீர் அஞ்சலி. யாரோ ஒரு பெரியவர். கீழே பிள்ளைகளின் பெயர் வரிசை. கருவாட்டை அப்படியே வைத்துவிட்டு உன்னை நினைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

எண்பதுகளின் நடுவில் ஒரு நாள், நான் கணக்கெழுதும் கிராணியாக இருந்த தோட்ட ஆபிசுக்கு அயர்லாந்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. ஒரு பெண் எழுதியிருந்தார். தாத்தாவின் தம்பி, இங்கே ரப்பர் மரங்கள் இருந்த காலத்தில், மேனேஜருக்கு அடுத்த சின்னத் துரையாக இருந்து காய்ச்சலில் இறந்தாராம். அவர்கள் ஊர்ப் பத்திரிகையில் வந்த பழைய மரண அறிவிப்பின் நகலையும் கடிதத்துடன் வைத்திருந்தார். கல்லறை இருக்கிறதா என்று கேட்டிருந்தார். எண்ணெய் ஆலைக்குச் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டிக்கொண்டிருந்த நீதான், ஆற்றோரம் லாலான் புல்லுக்குள் ஒரு வெள்ளைக் கல்லைப் பார்த்ததாகச் சொன்னாய்.

ஞாயிற்றுக்கிழமை போனோம். பாசியைத் தேய்த்தும் எழுத்து தெரியவில்லை. நீ லோரியிலிருந்து சவரக் கண்ணாடியை எடுத்துவந்து வெயிலைச் சாய்வாகக் கல்லில் அடித்தாய். எழுத்துகள் எழுந்து வந்தன. ஆங்கிலத்தில் இருந்ததை நான் படித்துச் சொன்னேன்: கடிதத்தில் இருந்த அதே பெயர், இருபத்து நான்கு வயது, கல்லை நாட்டியது அவருடைய தாய்.

“அவங்கம்மா வந்து பார்த்திருப்பாங்களா?” என்று கேட்டாய். அவ்வளவு தூரத்திலிருந்து எங்கே வந்திருக்கப்போகிறார் என்றேன். லோரியில் ஏறிச் சாவியைப் போட்டாய். பிறகு சொன்னாய்: “பேப்பர்ல போட்டா இத்தன வருசம் கழிச்சும் தேடலாம்லா. எங்கப்பாவத் தேடணும்டா.”

உனக்கு ஆறு வயதிருக்கும்போது பத்தாங் காலிப் பக்கம் வேலை என்று போனவர் திரும்பவில்லை. உன் அம்மா அன்றுவரை பொட்டு வைத்துக்கொண்டிருந்தார்.

கோலாலம்பூரில் ஒரு தமிழ்ப் பத்திரிகை அலுவலகத்தில் பழைய இதழ்களைக் கட்டி வைத்திருந்தார்கள். நான்கு சனிக்கிழமைகள் பஸ் ஏறிப் போய் மரண அறிவிப்புகளைப் புரட்டினோம். நான்காம் முறை உன் விரல் ஒரு கருமாதி அறிவிப்பில் நின்றது. அப்பாவின் பெயர், தாத்தாவின் பெயர், பூர்வீகமான முசிறிப் பக்கத்து ஊர், எல்லாம் பொருந்தின. ஆனால் மனைவி என்று வேறொரு பெயர். இரண்டு மகள்கள். நீ அதில் இல்லை. அவர் இறந்து எட்டு வருடமாகியிருந்தது. நீ தாளை மெதுவாக மூடினாய்.

அதிலிருந்த விலாசத்துக்குப் போனோம். ரவாங்கில் ஃபேக்டரி வேலை பார்க்கும் மூத்த மகள் கதவைத் திறந்தாள். நீ யாரென்று சொன்னாய். அவளுடைய அம்மா எழுந்து உள்ளே போய்விட்டார். அவள் மட்டும் உன்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். “அப்பா மாதிரியே நிக்கிறீங்கண்ணே” என்றாள்.

இடுகாட்டுக்கு அவளே கூட்டிப்போனாள். சிமெண்டுக் கல்லில் அவர் பெயரை விரலால் தடவிப் பார்த்தாய். எங்கம்மாவைப் பற்றி ஏதாவது சொல்லியிருக்கிறாரா என்று கேட்டாய். இல்லையென்றாள். ஆறுதலுக்காக ஒரு பொய்கூடச் சொல்லாத அந்தப் பெண்ணை எனக்கு அப்போதே பிடித்துவிட்டது.

அம்மாவிடம் சொல்ல உனக்கு மூன்று நாள் ஆயிற்று. நானும் கூட இருந்தேன். அவர் முழுதும் கேட்டார். அந்தப் பிள்ளைகள் நன்றாக இருக்கிறார்களா என்று மட்டும் விசாரித்தார். மறுநாள் காலை முகம் கழுவிக் கண்ணாடி முன் நின்று வழக்கம்போலப் பொட்டு வைத்தார். நீ பார்த்துக்கொண்டே நின்றாய்.

“நான் அந்த ஆளுக்காக வைக்கலய்யா. என் மூஞ்சிக்கு வைக்கிறேன்” என்றார்.

அடுத்த ஆண்டு அப்பாவின் திதிக்கு அந்தத் தங்கை பத்திரிகையில் நினைவஞ்சலி போட்டாள். பிள்ளைகள் வரிசையில் முதலில் உன் பெயர். தாளை எடுத்துக்கொண்டு ஆபிசுக்கு வந்து, என்னை உரக்கப் படிக்கச் சொன்னாய். உனக்குத் தமிழ் நன்றாகப் படிக்கத் தெரியும்.

நீ இறந்தபோது உன்னுடைய அறிவிப்பை நான்தான் எழுதினேன். தங்கைகள் இருவர் பெயரையும் சேர்த்தேன்.

இப்போது இந்தப் பக்கத்தில் யார் இறந்தாலும் அறிவிப்பு எழுத என்னிடம்தான் வருகிறார்கள். எழுதுமுன் ஒன்று கேட்கிறேன்: வேறு எங்கேயாவது பிள்ளைகள் உண்டா? சிலர் கோபித்துக்கொள்கிறார்கள். போன மாதம் வந்த ஒருவர் தரையைப் பார்த்தபடி ஒரு பெயர் சொன்னார். எழுதிக்கொண்டேன்.